கடை வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் பேச்சு: எங்கே கசிகிறது, எப்படி அடைப்பது

ஒரு துணிக்கடையின் வாட்ஸ்அப்பைத் திறந்தால் சேலைப் படங்களைவிட வாடிக்கையாளர்களின் விவரங்கள்தான் அதிகம் இருக்கும். வீட்டு முகவரி, இரண்டாவது போன் நம்பர், பணம் போட்ட ஸ்கிரீன்ஷாட், "மத்தியானம் வீட்டுல ஆள் இருக்க மாட்டோம், பக்கத்து வீட்டுல கொடுத்துடுங்க" என்ற வாய்ஸ் நோட். மருந்துக்கடை என்றால் டாக்டர் சீட்டு. ஆடிட்டர் ஆபீஸ் என்றால் பான், ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட். டிராவல்ஸ் என்றால் பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும். இத்தனையும் கல்லாவுக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடக்கும் ஒரே போனில். பல கடைகளில் அந்தப் போனுக்கு ஸ்கிரீன் லாக் கூடக் கிடையாது, ஏனென்றால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பதில் சொல்ல வேண்டும்.

"வாட்ஸ்அப்தான் என்கிரிப்ட் ஆகுதே" என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான். 2016 ஏப்ரலிலிருந்து எல்லாச் சாட்டும் சிக்னல் புரோட்டோகால் முறையில் பூட்டப்பட்டுத்தான் போகிறது. நடுவில் உள்ள யாராலும் படிக்க முடியாது. அது காப்பாற்றுவது போனிலிருந்து போன் வரையிலான வழியை. வழியின் இரண்டு முனையிலும் செய்தி திறந்துதான் இருக்கிறது. கடைகளில் நடக்கும் திருட்டு கிட்டத்தட்ட எல்லாமே முனையில்தான் நடக்கிறது: நம்பரையே பறிப்பது, தெரியாமல் இன்னொரு கம்ப்யூட்டரை இணைத்துக்கொள்வது, வேலையை விட்டுப் போனவரிடம் பழைய சாட் தங்கிவிடுவது, கடையின் பெயரில் வேறொருவர் பேசுவது. அதனால் இந்தப் பதிவு முழுக்க முனைகளைப் பற்றியது.

முதலில் நம்பர்

சிம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அவசரத்துக்குக் கடைப் பையனின் ஆதாரில் வாங்கிய சிம்தான் பல கடைகளின் வாடிக்கையாளர் நம்பராக ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் வேலையை விட்டுப் போனாலும் சட்டப்படி நம்பர் அவருடையது. "சிம் தொலைந்துவிட்டது" என்று சொல்லி டூப்ளிகேட் வாங்கிவிடலாம். முதல் வேலையாக அதை உரிமையாளர் பெயருக்கோ நிறுவனத்தின் பெயருக்கோ மாற்றுங்கள். உங்கள் பெயரில் எத்தனை நம்பர்கள் ஓடுகின்றன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். கடைக்கு லேண்ட்லைன் இருந்தால் அதிலேயே வாட்ஸ்அப் பிசினஸைப் பதிவு செய்ய முடியும். எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் 'கால் மீ' கொடுத்தால் ஆறு இலக்கக் குறியீட்டைக் குரலில் வாசிக்கும். லேண்ட்லைனுக்கு டூப்ளிகேட் சிம் எடுக்க வழியில்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

வாட்ஸ்அப்பைப் பொறுத்தவரை அந்த ஆறு இலக்கக் குறியீடு யார் கையில் கிடைக்கிறதோ அவர்தான் கடை. இதற்கு மேல் இன்னொரு பூட்டு போட இடம் இருக்கிறது: செட்டிங்ஸ், அக்கவுன்ட், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன். அங்கே ஆறு இலக்கப் பின் நம்பர் வைத்துவிட்டு, கேட்கும் இடத்தில் ஒரு மின்னஞ்சலையும் கொடுங்கள். மின்னஞ்சல் கொடுக்காமல் பின்னை மறந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டி வரும். பின்னாக எதை வைக்கிறார்கள் என்பதில்தான் கோளாறே. ஆறு இலக்கம் என்றதும் கடைப் பகுதியின் அஞ்சல் குறியீட்டை வைத்துவிடுகிறார்கள். அது கடைப் பலகையிலேயே எழுதியிருக்கிறது, பில்லிலும் அச்சாகியிருக்கிறது. மகளின் பிறந்த தேதியும் அப்படித்தான். ஸ்டேட்டஸில் கேக் படம் போட்ட அன்றே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

குறியீட்டை யாரும் நேராகக் கேட்டால் இப்போது பெரும்பாலோர் கொடுப்பதில்லை. அதனால் கேட்காமலே எடுக்கும் வழி வந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். கடைக்கு ஒரு கால் வரும்: "கூரியர்லேர்ந்து பேசுறேங்க, உங்க பார்சல் அட்ரஸ் கன்ஃபர்ம் ஆகல. நான் அனுப்புற நம்பருக்கு ஒரு கால் போட்டுடுங்க." எஸ்எம்எஸ்ஸில் வரும் 'நம்பர்' ஸ்டாரில் தொடங்கும், 21 இருக்கும், பத்து இலக்கம் இருக்கும், ஹாஷில் முடியும். அதை டயல் செய்தால் யாருக்கும் கால் போகாது. உங்களுக்கு வரும் எல்லாக் காலும் அந்தப் பத்து இலக்க நம்பருக்குத் திரும்பிவிடும். அடுத்த நிமிடம் அவன் தன் போனில் உங்கள் நம்பரை வாட்ஸ்அப்பில் போட்டு, எஸ்எம்எஸ்ஸை விட்டுவிட்டுக் குரல் அழைப்பில் குறியீடு கேட்பான். குறியீட்டை வாசிக்கும் அழைப்பு நேராக அவனுக்குப் போகும். உங்களிடம் யாரும் ஓடிபி கேட்கவே இல்லை. கூரியர் வந்து போகிற கடையில் இந்தப் பேச்சு யாருக்கும் சந்தேகம் தராது, அதனால்தான் குறிவைத்துச் செய்கிறார்கள். டூ-ஸ்டெப் பின் இருந்தால் குறியீடு கிடைத்தும் அவனால் உள்ளே நுழைய முடியாது.

கால் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க *#21# டயல் செய்யுங்கள். எல்லாத் திருப்பத்தையும் ரத்து செய்ய ##002#. கடையில் போன் எடுக்கும் எல்லாருக்கும் ஒரு விதி போதும்: ஸ்டார், ஹாஷ் உள்ள எதையும் வேறொருவர் சொல்லி டயல் செய்யக் கூடாது.

வேலை நேரத்தில் திடீரென்று டவர் போய், பக்கத்துப் போனில் அதே கம்பெனி சிம் நன்றாக வேலை செய்தால், அதை நெட்வொர்க் கோளாறு என்று விட்டுவிட வேண்டாம். யாரோ உங்கள் சிம்மை மாற்றி எடுத்திருக்கலாம். உடனே வேறு போனிலிருந்து சிம் கம்பெனிக்குச் சொல்லி நம்பரை நிறுத்தச் சொல்லுங்கள், பேங்குக்கும் சொல்லுங்கள்.

லிங்க்ட் டிவைசஸ்

நம்பர் பறிபோனால் உங்கள் போனில் வாட்ஸ்அப் வெளியேறிவிடும். அந்த நிமிடமே தெரிந்துவிடும். தெரியாமல் நடப்பது இன்னொன்று. ஒரு கணக்கோடு நான்கு கம்ப்யூட்டர் அல்லது போன் வரை இணைக்கலாம். இணைத்த பிறகு முதன்மைப் போன் அணைந்திருந்தாலும் அவை தனியாக ஓடும். முதன்மைப் போனை 14 நாளைக்கு மேல் தொடாமல் விட்டால்தான் அவை தானே வெளியேறும், கடைப் போனில் அது ஒருநாளும் நடக்காது. ஆக, ஒருமுறை இணைத்தவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்துக்கொண்டே இருக்கலாம். கடையில் எல்லாம் வழக்கம் போல நடக்கும். யார் எவ்வளவுக்கு ஆர்டர் கொடுத்தார், யாருக்குப் பாக்கி, எந்த மொத்த வியாபாரியிடம் என்ன விலை, எல்லாம் அவருக்குத் தெரியும்.

இணைப்பது இரண்டு வழியில் நடக்கிறது. கியூஆர் ஸ்கேன் செய்வது எல்லாருக்கும் தெரியும். நம்பர் மூலம் இணைக்கும் எட்டு எழுத்துக் குறியீடு பலருக்குத் தெரியாது. "என் பொண்ணு டான்ஸ் போட்டியில இருக்கா, ஒரு ஓட்டு போடுங்க" என்று தெரிந்தவர் நம்பரிலிருந்தே லிங்க் வரும். திறந்தால் போன் நம்பர் கேட்கும், பிறகு ஒரு குறியீட்டைக் காட்டி 'வாட்ஸ்அப்பில் இதைப் போட்டு உறுதி செய்யுங்கள்' என்று சொல்லும். போட்டால் ஓட்டு விழாது, அவர்களுடைய கம்ப்யூட்டர் உங்கள் கணக்கில் இணையும்.

வாரம் ஒரு நாள், கடை திறந்ததும், லிங்க்ட் டிவைசஸ் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது என்ன கருவி, கடைசியாக எப்போது ஓடியது என்று இருக்கும். கடை பூட்டியிருந்த நேரத்தில் ஓடிய கருவி ஒன்று இருந்தால் அதைத் தொட்டு லாக் அவுட் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டுப் புதிதாக இணைத்துக்கொள்ளலாம், சாட் எதுவும் அழியாது.

பில்லிங் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறக்கும்போது தேடுபொறியில் தேடிப் போகாதீர்கள், முகவரியை முழுதாக டைப் செய்து புக்மார்க் செய்துகொள்ளுங்கள். தேடலில் மேலே வரும் விளம்பர லிங்க்கில் போலிப் பக்கங்கள் வருகின்றன, அவை காட்டும் கியூஆரை ஸ்கேன் செய்தால் இணைவது வேறு யாருடைய கம்ப்யூட்டரோ. வெப்பிலும் பிரைவசி செட்டிங்ஸுக்குள் ஸ்கிரீன் லாக் இருக்கிறது. பாஸ்வேர்டு வைத்து ஒரு நிமிடத்தில் பூட்டும்படி செய்யலாம். பில் போடுபவர் சாப்பிடப் போகும் அரைமணி நேரத்துக்கு அதுதான் காவல்.

ஊழியர்கள்

ஊழியருக்கு முதன்மைப் போனைக் கொடுக்காதீர்கள். அதை உரிமையாளர் வைத்துக்கொண்டு, பதில் சொல்பவர்களுக்கு இணைத்த கருவியைக் கொடுத்தால் யாரை வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் வெளியேற்ற முடியும். இணைத்த கருவியில் இருப்பவரால் நம்பரை மாற்றவோ டூ-ஸ்டெப் பின்னைத் தொடவோ முடியாது. வேலையை விட்டவரைக் கடைசி நாள் மாலையே லாக் அவுட் செய்யுங்கள். அவரிடம் மனஸ்தாபம் இல்லாவிட்டாலும் செய்யுங்கள், அது அவருக்கும் நல்லது. பின்னால் ஏதாவது கசிந்தால் அவர் மேல் பழி விழாது.

இதைவிடப் பெரிய ஓட்டை, ஊழியர் தன் சொந்த நம்பரில் வாடிக்கையாளரிடம் பேசுவது. "கடை நம்பர் பிஸியா இருக்கும்க்கா, என் நம்பர்லயே அனுப்புங்க" என்று நல்ல எண்ணத்தில்தான் சொல்வார். ஆறு மாதத்தில் பாதி வாடிக்கையாளர்களின் முகவரியும் பணப் பேச்சும் கடைக்குச் சம்பந்தமில்லாத போனில் இருக்கும். அந்தப் போன் தொலைந்தாலோ விற்கப்பட்டாலோ கடைக்குத் தெரியவே தெரியாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

வாடிக்கையாளர் அனுப்பும் கோப்புகள்

ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் வந்த படங்களைக் கேலரியிலும் காட்டும். கேலரியில் கூகுள் போட்டோஸ் பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஜிமெயில் கணக்கு வீட்டு டிவியிலும் பையனின் டேப்லெட்டிலும் திறந்திருக்கும். வாடிக்கையாளர் கடைக்கு அனுப்பிய ஆதார் படம் இப்படி மூன்று எட்டில் வீட்டு டிவியின் ஸ்கிரீன்சேவரில் வந்து நிற்கும். இதில் யாரும் எதையும் திருடவில்லை. கருவிகள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தன. செட்டிங்ஸ், சாட்ஸ், மீடியா விசிபிலிட்டி போய் அணைத்துவிடுங்கள். ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவில் தானாக டவுன்லோடு ஆவதையும் அணையுங்கள். ஐபோனில் 'சேவ் டு போட்டோஸ்' என்று இருக்கும். ஏற்கெனவே கேலரிக்கும் மேகக் கணக்குக்கும் போனவற்றைக் கையால்தான் அழிக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பின் சொந்த பேக்கப் ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கிலும் ஐபோனில் ஐகிளவுடிலும் சேர்கிறது. வழியில் பூட்டிப் போன செய்தி அங்கே அந்தப் பூட்டு இல்லாமல் தங்கும், நீங்களாகப் போடாவிட்டால். 2021 அக்டோபரிலிருந்து இதற்கு வசதி இருக்கிறது: சாட்ஸ், சாட் பேக்கப், எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட் பேக்கப். ஒரு பாஸ்வேர்டு வைக்கலாம், அல்லது அது தரும் 64 இலக்கச் சாவியை எழுதிக்கொள்ளலாம். எதை வைத்தீர்களோ அதைத் தொலைத்தால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது. காகிதத்தில் எழுதி, கடைப் பத்திரங்கள் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். அதையே போட்டோ எடுத்து அதே போனில் வைத்திருப்பதில் பயன் இல்லை.

ஆதாரே தேவையா என்பதை முதலில் யோசியுங்கள். கூரியருக்குத் தேவையில்லை. அறை முன்பதிவுக்குத் தேவைப்பட்டால் முதல் எட்டு இலக்கம் மறைத்த மாஸ்க்டு ஆதாரைக் கேளுங்கள், ஆதார் வழங்கும் யுஐடிஏஐ தளத்திலேயே அப்படி டவுன்லோடு செய்யலாம். இ-ஆதார் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். ஆங்கிலத்தில் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் அந்தப் பாஸ்வேர்டு. பெயர் சாட்டிலேயே இருக்கிறது, ஆண்டை ஊகிக்க அறுபது எழுபது தடவை முயன்றால் போதும். வேலை முடிந்ததும் சான்றுப் படங்களை அழித்துவிடுங்கள்.

டிஸ்அப்பியரிங் மெசேஜ் 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று வைக்க முடியும். கடை முழுவதற்கும் அதைப் போடச் சிலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை, "நான் மெரூன் கேட்டேன், சிவப்பு வந்திருக்கு" என்ற தகராறுக்குச் சாட்தான் சாட்சி. அதேசமயம், சாட்டையே கணக்குப் புத்தகமாக வைப்பதும் தப்பு. ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கெடு நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பில்லும் ஆர்டரும் பில்லிங் மென்பொருளில் ஏறட்டும், சாட்டில் இருப்பவை அதன் பிறகு போகலாம்.

கிரெடிட் கார்டு நம்பரை எக்காரணம் கொண்டும் கேட்காதீர்கள். 2022 அக்டோபர் 1 முதல் கார்டு விவரத்தைக் கடைகள் சேமித்து வைக்கவே ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. வாடிக்கையாளர் தானாகக் கார்டைப் படமெடுத்து அனுப்பினால் உடனே அழித்துவிட்டு, அவர் பக்கத்திலும் அழிக்கச் சொல்லுங்கள்.

குரூப்பில் சேர்க்காதீர்கள்

இளம்பிள்ளைச் சேலையோ திருப்பூர் பனியனோ, மறுவிற்பனை செய்பவர்கள் குரூப்பில்தான் வியாபாரம் நடத்துகிறார்கள். குரூப்பில் ஒருவரைச் சேர்த்தால் அவருடைய நம்பர் அங்குள்ள எல்லாருக்கும் தெரியும். மோசடிக்காரன் செய்வது இதுதான்: இன்வைட் லிங்க் வழியே வாடிக்கையாளர் போல உள்ளே வருவான், உறுப்பினர் பட்டியலை எடுப்பான், உங்கள் கடையின் டிபியையும் பெயரையும் வேறொரு நம்பரில் வைப்பான், ஒவ்வொருவருக்கும் தனியாக "அக்கா, இது கடையோட புது நம்பர், இந்த வார ஆஃபர் இதுலதான்" என்று அனுப்புவான். வாடிக்கையாளர் அனுப்பும் பணம் அவனுக்குப் போகும். சேலை கேட்டு உங்கள் கடைக்கு வந்து நிற்பார்.

பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது. ஒரு லிஸ்ட்டில் 256 பேர். உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். அதைவிடப் பெரிய கூட்டம் என்றால் சேனல். குரூப்பாகவே நடத்தியாக வேண்டும் என்றால் இன்வைட் லிங்க்கை முகநூலில் போடாதீர்கள், புதியவர்களை அட்மின் ஒப்புதலோடு சேர்க்கும்படி வையுங்கள்.

பணப் பேச்சு

ஒரே விதியைக் கடை தொடங்கும் நாளிலேயே வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும்: பேங்க் கணக்கோ யுபிஐ ஐடியோ மெசேஜில் மாறாது. குவிக் ரிப்ளையில் இப்படி ஒன்றைச் சேமித்து, பணம் கேட்கும் ஒவ்வொரு முறையும் அனுப்புங்கள்: "பணம் போடும்போது திரையில் எங்கள் கடையின் இந்தப் பெயர் வர வேண்டும். வேறு பெயர் வந்தால் போடாதீர்கள், பில்லில் உள்ள நம்பருக்குக் கால் செய்யுங்கள்." யுபிஐயில் பின் போடுவதற்கு முன் பெறுபவரின் பெயர் வரும். அந்த ஒரு நொடியில் பெயரைப் படிக்கும் பழக்கத்தை ஏற்படுத்தினால் பாதி மோசடி அங்கேயே நின்றுவிடும்.

கடையின் பக்கம்: ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துச் சரக்கு அனுப்பாதீர்கள். போலித் திரை உண்டாக்கும் ஆப்கள் இருக்கின்றன, போலி எஸ்எம்எஸ்ஸும் வரும். கணக்கைத் திறந்து வரவைப் பாருங்கள். "தப்பா அதிகமா போட்டுட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்க" என்பதற்கும் அதே மருந்து. பணம் பெற யுபிஐ பின் நம்பர் போடத் தேவையே இல்லை. உணவகத்துக்குப் பெரிய ஆர்டர் கொடுத்து, "நான் ராணுவத்துல இருக்கேன், அட்வான்ஸுக்கு இந்தக் கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்பவர் உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப் போகிறார்.

மொத்த வியாபாரி "கணக்கு மாறிவிட்டது" என்று அனுப்பினால், அந்தச் செய்தியில் இருக்கும் நம்பருக்குக் கால் செய்யாதீர்கள். பழைய பில்லில் இருக்கும் நம்பருக்குச் செய்யுங்கள். வாய்ஸ் நோட்டையும் ஆதாரமாக எடுக்க வேண்டாம், குரலை நகல் எடுப்பது இப்போது எளிது. மாதம் லட்சங்களில் பணம் போகும் ஆட்களுடன் இன்னொன்றும் செய்யலாம்: நேரில் பார்க்கும்போது சாட்டில் பெயரைத் தொட்டு, என்கிரிப்ஷன் என்பதற்குள் இருக்கும் 60 இலக்க எண்ணை இருவர் போனிலும் ஒப்பிடுங்கள். அக்கவுன்ட் செட்டிங்ஸில் செக்யூரிட்டி நோட்டிஃபிகேஷனை இயக்கி வையுங்கள். அவருடைய கணக்கு வேறு போனுக்கு மாறினால் சாட்டில் ஒரு வரி வரும். அவர் புதுப் போன் வாங்கியிருக்கலாம். அவர் கணக்கை வேறொருவர் பறித்திருக்கவும் கூடும். அந்த வரி வந்த வாரத்தில் கணக்கு எண்ணும் மாறினால் கால் செய்யாமல் ஒரு ரூபாய் போடாதீர்கள்.

'பிசினஸ் அக்கவுன்ட்' என்று காட்டுவது எதற்கும் உத்தரவாதம் ஆகாது, யாரும் தொடங்கலாம். வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டா சரிபார்த்த நீல டிக் பெயருக்குப் பக்கத்தில் வரும். டிபி படத்துக்குள் டிக் வரைந்து வைத்திருப்பது மோசடி. கூகுள் மேப்பில் உங்கள் கடையின் போன் நம்பரை மாதம் ஒருமுறை பாருங்கள்; பொதுமக்கள் திருத்தம் பரிந்துரைக்க முடியும் என்பதால் அங்கே நம்பரை மாற்றிவிடும் வேலை நடக்கிறது.

ஏபிகே

கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராத ரசீது, "இந்த மாடல் வேணும், பாருங்க" என எந்தப் பெயரில் வந்தாலும் கோப்பின் கடைசி மூன்று எழுத்து ஏபிகே என்றால் அது ஆப். படமோ பத்திரிகையோ ஒருநாளும் ஏபிகேயாக வராது. நிறுவினால் எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியும், திரையில் வருவதைப் படிக்கவும் தொடவும் விடும் அக்ஸசிபிலிட்டி அனுமதியும் கேட்கும். கொடுத்தால் ஓடிபி மோசடிக்காரனுக்குப் போகும். பிறகு உங்கள் கடை நம்பரிலிருந்தே எல்லா வாடிக்கையாளருக்கும் அதே கோப்பு போகும். போன் செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்' பட்டியலில் வாட்ஸ்அப்புக்கு அனுமதி இல்லாமல் வைத்தால் தவறித் தொட்டாலும் நிறுவாது.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஃபைல் எக்ஸ்டென்ஷன் தெரியும்படி வையுங்கள். விண்டோஸுக்கான வாட்ஸ்அப்பில் 2.2450.6க்கு முந்தைய பதிப்புகளில் ஒரு குறை இருந்தது: கோப்பைப் படம் போலக் காட்டும், தொட்டால் பெயரின் கடைசி எழுத்துகளைப் பார்த்து நிரலாகத் திறக்கும். 2025 ஏப்ரலில் அது வெளியே வந்தது. பில்லிங் கம்ப்யூட்டரை அப்டேட் செய்யாமல் ஓட்டுபவர்கள் அந்தப் பதிப்பு எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

ஏபிஐ வைத்திருப்பவர்களுக்கு

உங்கள் சொந்த மென்பொருளை வாட்ஸ்அப்போடு இணைக்கும் கிளவுட் ஏபிஐ வழியே நடத்தினால் என்கிரிப்ஷன் முனை மாறுகிறது. வாடிக்கையாளரின் செய்தி மெட்டாவின் சர்வரில் திறக்கப்பட்டு உங்கள் சர்வருக்கு வருகிறது. இடையில் சேவை நிறுவனம் இருந்தால் அவர்களிடமும் திறந்தே இருக்கும். அவர்கள் எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், டாஷ்போர்டில் யார் யார் பார்க்கலாம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

வாட்ஸ்அப் செய்திகள் வந்து சேரும் உங்கள் சர்வர் முகவரிக்கு வெப்ஹுக் என்று பெயர். அதில் அடிக்கடி பார்க்கும் பிழை ஒன்று. மெட்டா ஒவ்வொரு செய்தியோடும் ஆப் சீக்ரெட் என்ற ரகசியச் சாவியால் போட்ட எஸ்எச்ஏ-256 கையொப்பத்தை ஹெடரில் அனுப்புகிறது. அதை வந்த பைட்டுகள் மேல் அப்படியே கணக்கிட்டுச் சரிபார்க்க வேண்டும். பல ஃபிரேம்வொர்க்குகள், செய்தி வரும் வடிவமான ஜேசனைப் பிரித்து ஆப்ஜெக்டாகத் தந்துவிடும். டெவலப்பர் அதை மறுபடி ஜேசனாக்கிக் கணக்கிடுவார். தமிழ் எழுத்தோ ஈமோஜியோ வந்தால் எஸ்கேப் செய்யும் விதம் மாறி, கையொப்பம் பொருந்தாது. ஆங்கிலத்தில் சோதித்தபோது வேலை செய்ததே என்று குழம்பி, கடைசியில் சரிபார்ப்பையே எடுத்துவிடுவார். அன்றிலிருந்து முகவரி தெரிந்த யாரும் எந்த வாடிக்கையாளர் பெயரிலும் உங்கள் சர்வருக்குச் செய்தி அனுப்பலாம். மூலப் பைட்டுகளைப் பார்ஸ் ஆவதற்கு முன்பே எடுத்து வைப்பதுதான் தீர்வு.

பாட் பதில் சொல்லும்போது ஆர்டர் எண்ணை மட்டும் நம்பி முகவரியைச் சொல்லக் கூடாது. ஆர்டர் எண்கள் வரிசையாக வரும், 1042 என்னுடையது என்றால் 1043 யாரோ ஒருவருடையது. செய்தி வந்த நம்பரும் ஆர்டரில் உள்ள நம்பரும் ஒன்றா என்று சர்வரில் பார்க்க வேண்டும். ஏஐ பாட் என்றால் இந்தச் சோதனையை அதன் அறிவுரைப் பகுதியில் எழுதி வைப்பது காவல் ஆகாது, யாராவது பேசியே அதைத் தாண்டிவிடுவார்கள். அதன் கையில் கொடுக்கும் தேடலே பேசுபவரின் நம்பருக்குரிய ஆர்டர்களை மட்டும் தரும்படி இருக்க வேண்டும். ஏபிஐக்கான அனுமதிச் சாவியான டோக்கனை ஆப் கோடிலோ, கோடைச் சேமிக்கும் கிட் களஞ்சியத்திலோ வைக்காதீர்கள். சிஸ்டம் யூசர் டோக்கன் காலாவதி ஆகாதபடி எடுக்கப்படுவது, வெளியே போனால் யாரும் உங்கள் பெயரில் எல்லாருக்கும் அனுப்பலாம்.

பறிபோய்விட்டால்

முதலில் உங்கள் போனில் அதே நம்பரை மறுபடி பதிவு செய்யுங்கள். கால் திரும்பியிருந்தால் அதற்கு முன் ##002#. எஸ்எம்எஸ் குறியீட்டைப் போட்டதுமே பறித்தவன் வெளியேற்றப்படுவான். அவன் டூ-ஸ்டெப் பின் வைத்திருந்தால் உங்களால் ஏழு நாள் உள்ளே போக முடியாது, ஆனால் அவனாலும் பேச முடியாது. அதனால் பின் தெரியாது என்று முயலாமல் விட்டுவிடாதீர்கள். உள்ளே போனதும் லிங்க்ட் டிவைசஸ் எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள்.

அடுத்த அரைமணிக்குள் வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல வேண்டும்: எஸ்எம்எஸ், இன்ஸ்டாகிராம், கடை வாசலில் ஒரு தாள். எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை வந்த செய்திகளை நம்ப வேண்டாம் என்று நேரத்தோடு சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் வாடிக்கையாளரின் பணம். பணம் போயிருந்தால் 1930க்குக் கால் செய்யுங்கள், தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதியுங்கள். பணம் கைமாறிக்கொண்டே போகும் என்பதால் முதல் சில மணி நேரத்தில்தான் வங்கிகளால் அதை நிறுத்தி வைக்க முடியும். சமூக ஊடகக் கணக்கு பறிபோவது உட்பட, சைபர் சம்பவங்களைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன; முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. போதிய பாதுகாப்பு வைக்காததற்கு அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய்.

கடைசியாக, நம்பரைக் கைவிடும் விஷயம். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர், இணைப்புத் துண்டித்து 90 நாள் ஆன பிறகு வேறு ஒருவருக்குப் போகலாம். அவர் அதில் வாட்ஸ்அப் தொடங்கினால், உங்கள் கடை என்று சேமித்து வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் அவருக்கு முகவரி அனுப்பிக்கொண்டிருப்பார்கள். நம்பர் மாறினால் அக்கவுன்டில் உள்ள சேஞ்ச் நம்பர் வழியே மாற்றுங்கள், தொடர்பில் இருப்பவர்களுக்கு அறிவிக்கும் வசதியும் அதில் இருக்கிறது. பழைய சிம்மை ஒரு வருடமாவது ரீசார்ஜ் செய்து உங்களிடமே வைத்திருங்கள், பழைய பில், கூகுள் மேப், முகநூல், பை அச்சு எல்லாவற்றிலும் புது நம்பர் ஏறும் வரை. இதே சிக்கல் எதிர்ப்பக்கமும் உண்டு: ஒரு வருடமாகப் பேசாத வாடிக்கையாளர் நம்பருக்குப் பழைய பில்லையோ முகவரியையோ நீங்களாக அனுப்புவதற்கு முன், அந்த நம்பரில் இன்னும் அவர்தான் இருக்கிறாரா என்று ஒரு கால் செய்து கேட்டுவிடுங்கள்.